விஜயதசமிக் காலையில் தீட்டிய கத்தி

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எந்த வருடம் என்று கேட்டால் சட்டென்று சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வருடம் ஆயுத பூசைக்கு மறுநாளே ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. அதை மறக்கவே முடியாதபடி ஆகிவிட்டது எனக்கு. நாங்கள் அப்போது கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில், புக்கிட் ரோத்தான் தாண்டி ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்கு ஒரு பக்கம் தோட்டத்துச் செம்பனை மரங்கள். இன்னொரு பக்கம் சின்னதாக ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் மலாய்க்காரர்களின் கம்பம், அதாவது கிராமம்.

என் கணவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். வேலை முடிந்து வந்து, ஒரு கோப்பித்தண்ணி குடித்துவிட்டால் நேராகக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். அங்கே நான்கு மரங்களை நட்டு, மேலே தகரம் போட்டு, சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருந்தார். லோரியிலிருந்து கழற்றிப் போட்ட ஸ்பிரிங் பட்டை, தேய்ந்துபோன அரம், மரமில்லில் கழித்துவிட்ட ரம்பத் தகடு, இப்படி ஊரார் வேண்டாம் என்று ஒதுக்கிய இரும்பையெல்லாம் கொண்டுவந்து காய்ச்சி அடித்துக் கத்தியாக்குவார். பழைய தண்டவாளத் துண்டு ஒன்றுதான் இரும்பை வைத்து அடிக்க எங்களுக்கு அடைகல். பாராங்கு என்கிற வெட்டுக்கத்தி, குலை வெட்டும் அரிவாள், சமையல் கத்தி என்று கேட்டதையெல்லாம் செய்வார். ரொம்ப தூரத்திலிருந்துகூட ஆட்கள் தேடி வருவார்கள்.

தேடி வந்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் புகழ்வார்கள். எனக்கு உள்ளுக்குள் எரியும். ஏனென்றால் இரும்புக்கு உருவம் கொடுப்பதுதான் அவர் வேலை. பிடி போடுவதும் தீட்டுவதும் நான். தீட்டாத கத்தியும் ஒரு தகரத் துண்டும் ஒன்றுதானே? அவருடையது சம்மட்டி பிடிக்கிற கை. கல்லில் வைத்தால் அழுத்திவிடும். தீட்டுவதற்கு அழுத்தம் ஆகாது. கத்தி தன் பாரத்திலேயே கல்லின் மேல் போய் வர வேண்டும், நாம் கூடவே போனால் போதும். இதை அவருக்கு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை. பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு வேலையாவது என்னை விட்டால் நடக்காது என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

எங்களிடம் ஒரு பசுமாடும் இருந்தது. சிவப்பு நிறம் என்பதால் செவலை என்று கூப்பிடுவோம். காலையில் கறந்து பக்கத்து லயங்களில் பால் ஊற்றுவேன். வாசலுக்குப் பக்கத்தில் தென்னை மரத்தில்தான் கட்டியிருக்கும். யார் வந்தாலும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். புது ஆளைக் கண்டால் தலையைக் குனிந்து ஒரு பார்வை பார்க்கும். என் கணவரே கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பார். என்னிடம் மட்டும் பூனைக்குட்டி. அதை நான் மாடாக நினைத்ததே இல்லை.

அந்த வருடம் ஆயுத பூசைக்குக் கொஞ்ச நாள் முன்னால், கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவர் சைக்கிளில் வந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. நான் செவலையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளை நிறுத்தி, மாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். அவரும் என் கணவரும் வெகுநேரம் பேசினார்கள். பெரியவர் தரையில் குச்சியால் நீளமாக ஏதோ வரைந்து காட்டுவது தெரிந்தது. போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

என்ன கத்தி என்று இரவு சாப்பாட்டின்போது கேட்டேன். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே மெல்லச் சொன்னார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான், அதாவது பலி, கொடுக்கும் கத்தியாம். மாட்டுக்கு.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

“நான் தீட்ட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“ஏண்டி, முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு நீ தீட்டிக் குடுத்த அருவாதான வருசா வருசம் போவுது. ஆட்டுக்கு மட்டும் நோவாதா?”

“ஆடும் மாடும் ஒண்ணா? நான் என்ன ஆட்டுப்பால் கறந்தா ஊத்துறேன்?”

“சரி லா. கத்தியத் தீட்டி முடிச்சி ஒரு தோல் வாருல இழுக்குறியே, அது எதோட தோலு? வாழப்பட்டையா?”

தட்டை டங்கென்று வைத்துவிட்டு, செவலைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். தண்ணீர் ஏற்கெனவே வைத்தாயிற்று. அது என்னை விசித்திரமாகப் பார்த்தது.

அவர் மேல் கோபம் இருந்தாலும், அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. பக்கத்துக் கம்பத்து மனிதர் வாசல் தேடி வந்து கேட்கிறார். கூலியையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். கத்தி செய்கிறவன், இது எதை வெட்டப்போகிறது என்று விசாரித்துக்கொண்டா செய்ய முடியும்? சரி, அவர் செய்து கொடுக்கட்டும், ஆனால் என் கை அதில் படாது. இப்படி எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தக் கத்தியை அடித்தார். அடுப்புக்குக் காற்று விடும் சக்கரத்தை எப்போதும் நான்தான் சுற்றுவேன். அன்றும் சுற்றினேன். காற்று நெருப்புக்குத்தானே போகிறது, கத்திக்கா போகிறது என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மற்ற கத்திகளைவிட இதற்கு அவர் நிறையவே மெனக்கெட்டார். முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. நேரான உடம்பு, அகலமான தகடு, கூரான முனை கிடையாது. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தபோது கொஞ்சமும் கோணவில்லை. மறுபடி லேசாகச் சூடு காட்டி, தகட்டில் வைக்கோல் நிறம் ஓடும் நேரத்துக்கு எடுத்துத் தண்ணீரில் விட்டார். அவர் செய்ததிலேயே நல்ல கத்தி அதுதான். வாயைத் திறந்து அதைச் சொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை.

பிடியையும் அவரே கொய்யா மரத்தில் செய்துகொண்டார், சுமாராக இருந்தது. பிறகு கல்லை எடுத்துத் தீட்ட உட்கார்ந்தார். நான் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் முழுக்கத் தேய்த்தார். எழுந்து போய்க் காகிதத்தில் இழுத்துப் பார்த்தார். காகிதம் அறுபடாமல் கிழிந்தது. நகத்தின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினார், நடுவில் அங்கங்கே தட்டியது. இன்னும் பலமாகத் தேய்த்தார், இன்னும் மோசமாயிற்று. எனக்கு உள்ளே சிரிப்பாகவும் இருந்தது, கை துறுதுறுவென்றும் இருந்தது. ஆனாலும் நான் போகவில்லை. அவரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த வீம்பில் இரண்டு பேரும் சரியான ஜோடிதான்.

அப்படியே ஆயுத பூசை வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டறைச் சாமான் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, வீட்டுக்குள் பலகை போட்டு வரிசையாக அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்போம். சம்மட்டி, இடுக்கி, அரம், கத்திகள், நான் தீட்டுகிற கற்கள், தோல் வார், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள், ஏன், அரிவாள்மனைகூடப் பூசையில் உட்கார்ந்துவிடும். விளக்கேற்றிச் சூடம் காட்டிவிட்டால் மறுநாள் விடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. சமையலுக்கு வேண்டிய காய்கறியை முன்பே நறுக்கி வைத்துவிடுவேன். மறுநாள் விஜயதசமிக் காலையில் மறுபடி சூடம் காட்டிவிட்டு எடுப்போம். எடுத்ததும் அவரவர் தொழிலில் ஏதாவது ஒரு வேலையைச் செய்தாக வேண்டும். அன்றைக்கு முதல் கை எதில் வைக்கிறோமோ அதைப் போலத்தான் வருடம் முழுக்கத் தொழில் நடக்கும் என்று நம்பிக்கை. நான் எப்போதும் காய் நறுக்கும் சின்னக் கத்தியைத்தான் முதலில் தீட்டுவேன். அடுப்படிக் கத்தியில் கை வைத்தால் சாப்பாட்டுக்குக் குறை வராது என்பது என் கணக்கு.

அந்த வருடம் வரிசையின் கடைசியில் அந்த நீளக் கத்தியையும் கொண்டுவந்து வைத்தார். வாய் சரியில்லாத கத்தி. வெட்டும் ஓரத்தைத்தான் நாங்கள் கத்தியின் வாய் என்போம். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் பூசையில் சேர்ந்த இரும்பில் ஒன்றுக்கு மட்டும் பொட்டு வைக்காமல் விட முடியுமா? அதற்கும் சந்தனம் வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

பூசை முடிந்து, பொரி கடலையும் சுண்டலும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அசந்து உட்கார்ந்த மத்தியான நேரம். பெரியவர் வந்துவிட்டார். பெருநாள் மறுநாள் காலை. கத்தியை வாங்கிப் போக வந்திருக்கிறார்.

என் கணவர் வாசலுக்குப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பெரியவர் மலாயில்தான் பேசினார், எங்களுக்கு அது நன்றாகவே புரியும். கத்தி தயாரா என்று கேட்டார். என் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு, கத்தி முடிந்துவிட்டது, ஆனால் இன்னும் சரியாக வாய் வைக்கவில்லை, இன்றைக்கு வீட்டில் பூசை, எதையும் எடுக்க முடியாது என்றார். என் மனைவி மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். கதவுக்குப் பின்னால் எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

பெரியவர் நின்ற இடத்திலிருந்தே உள்ளே பார்த்தார். பலகையும் விளக்கும் பொட்டு வைத்த இரும்பும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் முகம் சுருங்கவில்லை. “பரவாயில்லை தம்பி, சாமி காரியம். என்னிடம் பழைய கத்தி இருக்கிறது” என்றார்.

அதோடு போயிருந்தால் கதை முடிந்திருக்கும். என் கணவருக்கு மனம் கேட்கவில்லை. நாளைக் காலையில் வந்து கத்தியை எடுத்துக்கொண்டு போங்கள், கல்லும் தருகிறேன், அங்கேயே கொஞ்சம் தீட்டிக்கொள்ளலாம் என்றார். பெரியவர் வேகமாகத் தலையை ஆட்டினார்.

“அங்கே தீட்டக் கூடாது, தம்பி. மாட்டின் கண்ணில் கத்தியே படக் கூடாது. பட்டால் அதற்குப் புரிந்துவிடும்.”

பிறகு, யாரும் கேட்காமலே, போன வருடம் நடந்ததைச் சொன்னார். அவரும் வேறு சிலரும் சேர்ந்து ஒரு மாடு வாங்கினார்களாம். அவர்தான் அறுத்திருக்கிறார். அந்தப் பழைய கத்திதான், பார்க்கப் பளபளவென்று இருந்ததாம், கையில் பிடித்தபோது ஒன்றும் தெரியவில்லையாம். முதல் இழுப்பில் அது போகவில்லை. மாடு கயிற்றை உதறிப் பாதி எழுந்துவிட்டதாம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை அவர் சொல்லவில்லை. நோகாமல் செய்ய வேண்டும் என்பதுதான் எங்கள் மார்க்கத்தின் கட்டளை, நான் அதை நோகடித்துவிட்டேன், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றார். எங்களைச் சம்மதிக்க வைப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. பல நாள் மனத்தில் வைத்திருந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று சொன்னது போலிருந்தது. அதற்காகத்தான் புதுக் கத்தி தேடி அலைந்திருக்கிறார். எங்கள் வீட்டுக் கத்தி நன்றாக வெட்டும் என்று யாரோ தோட்டத்து ஆள் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீட்டுக் கத்தி ஏன் நன்றாக வெட்டுகிறது என்பது எனக்குத் தெரியும். என் கணவருக்கும் தெரியும்.

பெரியவர் சைக்கிளைத் திருப்பினார். செவலையைத் தாண்டும்போது கொஞ்சம் நின்று, முதலில் வந்த நாளைப் போலவே அதைப் பார்த்தார். இத்தனை நாளும் அந்தப் பார்வையை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். எத்தனை கிலோ தேறும் என்று அளக்கிறார் என்று எண்ணியிருந்தேன். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. நாளைக்கு ஒரு மாடு சாகப்போகிறது. நான் தீட்டினாலும் சாகும், தீட்டாவிட்டாலும் சாகும். தீட்டாவிட்டால் பழைய கத்தியில் சாகும். இந்த எளிய விஷயம் அதுவரை என் புத்தியில் உறைக்கவே இல்லை.

வாசலுக்கு வந்துவிட்டேன். “பக்சிக், நாளைக்கு எத்தன மணிக்கு?” என்று கேட்டேன். மலாய்க்காரப் பெரியவர்களை மாமா முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவோம்.

தொழுகை முடிந்துதான் என்றார். தொழப் போகும் முன்னால் வாருங்கள், கத்தி தயாராக இருக்கும் என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். கொதிக்கிற எண்ணெயில் கை விடுகிறேன் என்று நான் சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

“நெசமாத்தான் சொல்றியா?” என்றார், பெரியவர் போனதும்.

“நான் சொன்னா சொன்னதுதான். இனிமே இதப் பத்திப் பேசாதீங்க.”

அவர் பேசவில்லை. அந்த மட்டில் புத்திசாலி.

மறுநாள் விஜயதசமி. விடியும்போதே கால்வாய்க்கு அந்தப் பக்கம் சூரா என்கிற தொழுகை வீட்டிலிருந்து தொழுகைக்கான சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒரு குரல் சொல்ல, பல குரல்கள் சேர்ந்து சொல்கிற நீண்ட ராகம். குளித்துவிட்டு வந்து விளக்கேற்றிச் சூடம் காட்டினோம். அவர் தன் சம்மட்டியைத் தொட்டுக் கும்பிட்டு எடுத்தார். பிறகு எப்போதும் போல அந்தச் சின்னக் காய்க்கத்தியை எடுத்து எனக்கு எதிரே வைத்தார். அவர் நல்லெண்ணத்தில்தான் வைத்தார். முதல் கையை அதில் வைத்துவிட்டு, அடுத்ததாக அந்த வேலையைச் செய்துகொள்ளட்டும் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் செய்வதாக இருந்தேன். இரவே யோசித்து வைத்த ஏற்பாடு அது.

ஆனால் பலகை முன் உட்கார்ந்தபோது அது சரியாகப் படவில்லை. இதைத் தீட்டுவது தப்பு என்றால் இரண்டாவதாகத் தீட்டினாலும் தப்புதான். தப்பில்லை என்றால் முதலில் தீட்டுவதற்கு என்ன? சாமியிடம் போய் இந்தச் சாமர்த்தியமெல்லாம் காட்டிக்கொண்டிருக்க முடியுமா? கையை நீட்டி நீளக் கத்தியை எடுத்தேன். என் கணவர் எழுந்து போய் எனக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

முதலில் அவர் பண்ணி வைத்திருந்த கோளாறைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கரடுமுரடான கல்லில் வைத்து அந்தத் தட்டல்களையெல்லாம் இறக்கினேன். பிறகு நடுத்தரக் கல். பிறகு என் வழவழப்பான கல், தொட்டால் சோப்பு மாதிரி இருக்கும். நுனியிலிருந்து அடிவரை, அடியிலிருந்து நுனிவரை, ஒரே சாய்மானம். அவ்வளவு நீளக் கத்தியில் அதுதான் கடினம், நடுவழியில் கை சலித்துக் கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், அந்த இடத்தில் மொண்ணை விழும். அந்த ஒரு இடம்தான் அங்கே ஒரு உயிரைத் துடிக்க வைக்கும். இந்த நினைப்பு வந்ததும் என் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டே தீட்டினேன். வாசலில் செவலை வைக்கோல் மெல்லும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கடைசியில் தோல் வாரை எடுத்தேன். என் கணவர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கத்தியை இழுத்தேன். காகிதத்தை ஒரு கையில் தொங்கவிட்டு, கத்தியை அதன்மேல் சும்மா வைத்தேன், அது தானே இறங்கிற்று. நகத்தில் வைத்து நகர்த்தினேன், ஒரு இடத்திலும் தட்டவில்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு வாயை நான் எந்தக் கத்திக்கும் வைத்ததில்லை.

பெரியவர் புதுச்சட்டையும் சொங்கோக்குத் தொப்பியுமாக வந்தார். கத்தியை நல்ல தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணியால் துடைத்திருந்தேன். இருந்தாலும் பிடியின் ஓரத்தில் குங்குமம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு ஆகுமோ ஆகாதோ என்று பயந்து மறுபடி துடைக்கப் போனேன். இருக்கட்டும், எப்படியும் நானும் ஒரு முறை கழுவுவேன் என்றார். கத்தியை எங்களில் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். ஒரு பலகையில் வைத்தேன், அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். கட்டைவிரல் நகத்தில் வைத்து மெதுவாக, நுனிவரை நகர்த்திப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒரு பாரம் இறங்கியதைப் பார்த்தேன். கொண்டுவந்திருந்த வெள்ளைத் துணியில் அதைச் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். நன்றி என்று சொல்லியிருப்பார், எனக்கு அது காதில் விழவில்லை.

அன்று பகல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சூராவில் சத்தம் நின்றது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. செவலைக்கு வழக்கத்தைவிட நிறையப் புல் போட்டேன். என் கணவர் எதையும் கிண்டல் பண்ணவில்லை. அதுவே அவருக்கு ஒரு விரதம் மாதிரிதான்.

சாயங்காலம் பால் கறந்துவிட்டு எழுந்தபோது, தெருவுக்கு அந்த ஓரத்தில் பெரியவர் நிற்பது தெரிந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வேலிக்கு இந்தப் பக்கம் வராமல் தூரமாகவே நின்றார். கத்தி சரியாகப் போகவில்லையோ? நடுவில் எங்காவது நான் விட்டுவிட்டேனோ? பால் சட்டியை அப்படியே வைத்துவிட்டு வேலிவரை ஓடினேன்.

“ஒரே இழுப்பு” என்றார். “தலையைக்கூடத் தூக்கவில்லை. அதற்கு ஒன்றும் தெரியாது.”

அவர் கண்கள் சிவந்திருந்தன. கன்றிலிருந்து நானே வளர்த்தது, இந்த வருடம் வேறு மாடு வாங்கவில்லை என்று கூடச் சேர்த்துச் சொன்னார். என்ன பேசுவது என்று தெரியாதபோது நம் வீடுகளில் எதைச் சொல்வோமோ அதைத்தான் சொன்னேன். உள்ளே வாருங்கள், ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர் முகம் வெயிலில் வாடிப்போயிருந்தது, உதடு காய்ந்திருந்தது.

அவர் வரவில்லை. தலையை மட்டும் அசைத்து, எனக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் நின்ற செவலையைக் காட்டினார்.

“இன்றைக்கு வேண்டாம். நன்றாகக் குளித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் மாட்டுக்கு ரத்த வாசம் தெரியும், பயந்துவிடும்” என்றார்.

சொல்லிவிட்டு, எங்கள் வேலி முடியும்வரை தெருவின் அந்த ஓரமாகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். செவலை ஒன்றும் அறியாமல் புல்லை மென்றுகொண்டிருந்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

விஜயதசமியில் முதல் கையை அந்தக் கத்தியில் வைத்தது பாவமா புண்ணியமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்கவும் இல்லை. ஆனால் என் மாடு பயந்துவிடக் கூடாதே என்று காய்ந்த உதட்டோடு தெருவிலேயே நின்ற அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், ஒருவர் கையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து அவர் நெஞ்சில் இருப்பதை முடிவு செய்ய எனக்கு மனம் வருவதில்லை.